திறமூல நிகழ்நேர இயங்குதளத்தை மறுசீரமைத்தலும் பராமரித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைக்ரோகன்ட்ரோலர்களில் ஓடும், வேலைகளைக் குறித்த காலத்துக்குள் முடிக்க வேண்டிய திறமூல நிகழ்நேர இயங்குதளங்களின் கெர்னல் என்னும் மையப் பகுதியில் வேலை செய்யத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். டாஸ்க், இன்டரப்ட், மியூடெக்ஸ் ஆகிய சொற்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்களுக்காக இது எழுதப்பட்டது. விடைகள் நெடுநாள் பராமரிப்பு அனுபவத்திலிருந்து வந்தவை என்பதால், சில இடங்களில் என் சொந்தத் தீர்மானங்களும் கலந்திருக்கும்.

நிகழ்நேர இயங்குதளத்தை மறுசீரமைப்பது, மற்ற மென்பொருளை மறுசீரமைப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வெளியிலிருந்து தெரியும் நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பைத் திருத்துவதையே மறுசீரமைப்பு என்கிறோம். நிகழ்நேர இயங்குதளத்தில் அந்த நடத்தைக்குள் நேரமும் அடங்கும். ஒரு செமஃபோரை (டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று சைகை தரப் பயன்படுத்தும் எண்ணியை) விடுவிக்கும் ஃபங்ஷன் நேற்று 80 கடிகாரச் சுழற்சிகளில் முடிந்தது. இன்று அதே விடையைத் தந்தாலும் 300 சுழற்சிகள் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இணையதளச் சேவையகத்தில் இந்த வேறுபாடு யார் கண்ணிலும் படாது. ஆனால், மோட்டாரின் மின்னோட்டத்தை ஒவ்வொரு 50 மைக்ரோவினாடிக்கும் அளந்து திருத்தும் ஒரு டாஸ்க், அந்த 80 சுழற்சிகளை நம்பித்தான் தன் காலக்கெடுவைக் கணக்கிட்டிருக்கும். அந்தக் கணக்கை எழுதியவர் யாரென்று நமக்குத் தெரியாது. நாம் நிரலை மாற்றியது அவருக்கும் தெரியாது. ஆகவே, நேரத்தை மாற்றும் திருத்தம் எதுவாயினும் அதை மறுசீரமைப்பு என்ற பெயரில் நுழைக்கக் கூடாது. அது நடத்தை மாற்றம். அப்படித்தான் அறிவிக்கப்பட வேண்டும், விவாதிக்கப்பட வேண்டும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் எதற்காகக் கை வைக்க வேண்டும்?

கெர்னல் அப்படியே நின்றாலும் அதைச் சுற்றியுள்ளவை நிற்பதில்லை. புதிய கம்பைலர் வருகிறது, ஒரு கோர் இருந்த இடத்தில் இரண்டு கோர்கள் வருகின்றன, 32 பிட் முகவரி 64 பிட் ஆகிறது. ஒவ்வொரு புதிய சிப்புக்கும் பழைய போர்ட்டை (ஒரு சிப்புக்கென எழுதிய கெர்னல் பகுதியை) நகலெடுத்து நாலு வரி மாற்றிச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரு பிழையை இருபது இடங்களில் திருத்த வேண்டிய நிலை வந்துவிடும். அதில் பத்தொன்பது இடங்களில் திருத்திவிட்டு ஒன்றை மறப்பது மனித இயல்பு.

சில சமயம் அமைப்பே இரண்டாகக் கிடப்பதும் காரணமாகிறது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் அறிவிக்கப்பட்ட ஸெஃபிர் என்ற நிகழ்நேர இயங்குதளம், தொடக்கத்தில் நானோகெர்னல், மைக்ரோகெர்னல் என்ற இரண்டு அடுக்குகளைக் கொண்டிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு வகை ஏபிஐ (பயன்பாடுகள் கெர்னலை அழைக்கும் இடைமுகம்). எந்தச் சூழலிலிருந்து எதை அழைக்கலாம் என்பதற்கே தனி விதிகள். அதே ஆண்டின் இறுதியில் வந்த 1.6 பதிப்பில் இரண்டும் ஒரே கெர்னலாக இணைக்கப்பட்டன. பயனர் எண்ணிக்கை பெருகுவதற்கு முன்பே அதைச் செய்து முடித்தது மிகச் சரியான முடிவு என்பது என் கருத்து. ஐந்து ஆண்டுகள் கழித்துச் செய்திருந்தால் பல மடங்கு வலித்திருக்கும்.

வேலையை எங்கிருந்து தொடங்க வேண்டும்?

அளவீட்டிலிருந்து. ஒரு வரியைக்கூட மாற்றுவதற்கு முன், இன்டரப்ட் வந்ததிலிருந்து அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் தொடங்கும் வரையிலான தாமதம், ஒரு டாஸ்க்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஆகும் நேரம், இன்டரப்ட்டுகள் தொடர்ச்சியாக மூடிக்கிடக்கும் மிக நீண்ட இடைவெளி, ஒவ்வொரு டாஸ்க்கும் தொடும் ஸ்டாக்கின் ஆழம், நிரலின் மொத்த அளவு ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ம் கார்ட்டெக்ஸ் எம்3, எம்4 சிப்புகளில் இருக்கும் சுழற்சி எண்ணியைக் கொண்டு பெரும்பாலானவற்றை அளந்துவிடலாம். அது இல்லாத சிப்பில், சிப்பின் ஒரு பின்னில் (வெளி இணைப்புக் காலில்) மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஆசிலோஸ்கோப்பில் பார்ப்பதே நம்பகமான வழி.

சராசரியை மட்டும் குறித்து வைப்பது பயன் தராது. நிகழ்நேரத்தில் கணக்குக்கு வருவது உச்சம். பத்து லட்சம் முறை 2 மைக்ரோவினாடியில் முடிந்து, ஒரே ஒரு முறை 90 மைக்ரோவினாடி எடுத்தால், உங்கள் கெர்னல் தரும் வாக்குறுதி 90 மைக்ரோவினாடிதான். அந்த ஒரு முறை எப்போது, எதனால் நேர்ந்தது என்று தேடும்போதுதான் மறுசீரமைக்க வேண்டிய இடமே கண்ணில் படும்.

அளவிடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கார்ட்டெக்ஸ் எம்3, எம்4 ஆகியவை 12 சுழற்சிகளில் இன்டரப்ட்டுக்குள் நுழையும் என்று ஆவணம் சொல்வது, காத்திருப்பு இல்லாத நினைவகத்தில் மட்டுமே பொருந்தும். நிரல் மெதுவான ஃபிளாஷில் இருந்தால் அந்த எண் பொருந்தாது. அதனால் எந்தப் பலகை, எந்தக் கடிகார வேகம், எந்தக் கம்பைலர், எந்த உகப்பாக்க நிலை என்பவற்றையும் எண்களோடு சேர்த்தே எழுதுங்கள். சூழல் குறிக்கப்படாத அளவீட்டோடு அடுத்த ஆண்டு எதையும் ஒப்பிட முடியாது.

திரும்பத் திரும்ப வரும் நிரலை ஒரே பொது ஃபங்ஷனாக ஆக்குவதில் என்ன ஆபத்து இருக்க முடியும்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். காத்திருப்போர் வரிசையில் ஒரு டாஸ்க்கைச் செருகும் நிரல் மூன்று இடங்களில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. மூன்றையும் ஒன்றாக்கினேன், வரிகள் குறைந்தன, சோதனைகள் அனைத்தும் தேறின. சில வாரங்கள் கழித்து ஒரு பயனர், தம் பலகையின் சீரியல் போர்ட்டில் அவ்வப்போது பைட்டுகள் தொலைகின்றன என்று எழுதினார். தேடிப் பார்த்ததில், அந்த மூன்றில் இரண்டு இடங்கள் இன்டரப்ட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னுரிமை வரிசையில் இடம் தேடின. மூன்றாவது இடம் இன்டரப்ட்டுகளை மூடிவிட்டு, வரிசையின் கடைசியில் ஒரே வீச்சில் ஒட்டிவிட்டது. என் பொது ஃபங்ஷன் எல்லா இடத்திலும் தேடியது. ஆக, மூன்றாவது இடத்தில் ஒரு சுற்று இன்டரப்ட்டுகள் மூடியிருக்கும்போதே ஓடத் தொடங்கியது. காத்திருக்கும் டாஸ்க்குகள் கூடக் கூட அதன் நேரமும் கூடியது. சீரியல் போர்ட் 115200 பாட் வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 87 மைக்ரோவினாடிக்கு ஒரு பைட் வந்து சேரும். ஹார்டுவேரில் இடைத்தாங்கி இல்லாதபோது, அதற்குமேல் இன்டரப்ட்டுகள் மூடியிருந்தால் பைட் போயே போய்விடும்.

ஒன்றுபோல் தெரியும் இரண்டு நிரல்துண்டுகளை இணைப்பதற்கு முன், இரண்டும் எந்தச் சூழலில் ஓடுகின்றன, ஏன் தனித்தனியாக எழுதப்பட்டன என்று பழைய காம்மிட்டுகளை, அதாவது நிரல் வரலாற்றில் பதிவான மாற்றங்களை, படித்துப் பாருங்கள். எழுதியவர் காரணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், கண்டுபிடித்த காரணத்தை நீங்களாவது நிரலின் மேல் குறிப்பாக எழுதி வையுங்கள்.

இன்டரப்ட்டுகள் மூடியிருக்கும் பகுதிகளைச் சுருக்குவது எப்படி?

முதலில், அந்தப் பாதுகாப்பு யாரிடமிருந்து தேவைப்படுகிறது என்று கேளுங்கள். மற்ற டாஸ்க்குகளிடமிருந்து மட்டும் காத்தால் போதும் என்றால், இன்டரப்ட்டுகளைத் திறந்தே வைத்துவிட்டு அடுத்து ஓட வேண்டிய டாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலரை மட்டும் நிறுத்தி வைக்கலாம். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற திறமூல நிகழ்நேர இயங்குதளம் தன் உட்பகுதிகள் பலவற்றில் இதைத்தான் செய்கிறது. ஹேண்ட்லர்களும் அதே தரவைத் தொடுகின்றன என்றால், நீண்ட வேலையைப் பகுதிகளாகப் பிரித்து நடுநடுவே இன்டரப்ட்டுகளைத் திறந்து மூட வேண்டும். ஆனால், அப்படித் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் தரவு முழுமையான நிலையில் இருக்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியும் என்று நம்பாதீர்கள். தாளில் ஒவ்வொரு நிலையையும் எழுதிப் பாருங்கள்.

கார்ட்டெக்ஸ் எம்3 முதலான சிப்புகளில், ஒரு குறிப்பிட்ட முன்னுரிமைக்குக் கீழுள்ள இன்டரப்ட்டுகளை மட்டும் மூடும் வசதி உண்டு. கெர்னலை அழைக்காத அவசர ஹேண்ட்லர்கள் அந்த எல்லைக்கு மேலே தடையின்றி ஓடலாம். இங்கே எண்களில் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சிப்புகளில் சிறிய எண்ணே உயர்ந்த இன்டரப்ட் முன்னுரிமை. ஃப்ரீஆர்டிஓஎஸ் டாஸ்க்குகளிலோ பெரிய எண் உயர்ந்தது. ஸெஃபிரின் த்ரெட்களில் (அங்கே டாஸ்க்குக்குப் பெயர் த்ரெட்) மறுபடியும் சிறிய எண் உயர்ந்தது. எதிர்ம எண் கொண்டவை தாமாக விட்டுக்கொடுக்கும் வரை வேறு த்ரெட் இடையில் புகாதவை. ஒரு தளத்திலிருந்து மற்றொன்றுக்கு நிரலைக் கொண்டுவரும்போது, ஒப்பீட்டுக் குறியைத் திருப்பிப் போட மறந்தால் கம்பைலர் எந்த எச்சரிக்கையும் தராது. முன்னுரிமையை வெறும் எண்ணாகக் கையாளாமல், 'இது அதைவிட அவசரமா' என்று கேட்கும் ஒரு சிறு ஃபங்ஷனின் வழியாக மட்டுமே ஒப்பிடும்படி நிரலைத் திருத்துவது, நான் பரிந்துரைக்கும் முதல் மறுசீரமைப்புகளில் ஒன்று.

ஷெட்யூலரையே மாற்றி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது எவற்றையெல்லாம் சொல்லாமல் காத்துவருகிறது என்பதைப் பட்டியலிட்ட பிறகு எழுதுங்கள். ஒரே முன்னுரிமையில் காத்திருக்கும் இரண்டு டாஸ்க்குகளில் முதலில் வந்ததே முதலில் ஓடுமா? இடைமறிக்கப்பட்ட டாஸ்க் தன் வரிசையின் தலைக்குத் திரும்புமா, கடைசிக்குப் போகுமா? ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னுரிமை மாற்றப்பட்டால் அதன் இடம் எது? ஆவணத்தில் எழுதப்பட்டிருக்காவிட்டாலும் இவற்றை நம்பி எங்கோ ஒரு பயன்பாடு ஓடிக்கொண்டிருக்கும்.

தரவமைப்பைத் தேர்ந்தெடுப்பதில், டாஸ்க்குகளின் எண்ணிக்கை கூடினாலும் நேரம் கூடாத அமைப்பையே நாடுங்கள். ஒவ்வொரு முன்னுரிமைக்கும் ஒரு வரிசை. எந்தெந்த வரிசையில் ஆள் இருக்கிறது என்பதைக் காட்ட ஒரு பிட் அட்டவணை. அதில் முதலில் நிற்கும் பிட்டை ஒரே கட்டளையில் கண்டறியும் வசதி பல செயலிகளில் இருக்கிறது. நான்கைந்து டாஸ்க்குகள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய கருவிக்கு வெறும் சங்கிலிப் பட்டியலே நினைவகத்தில் மலிவாக அமையும் என்பதையும் மறுக்க முடியாது. ஸெஃபிர் இத்தகைய தேர்வுகளைக் கட்டமைப்பு விருப்பமாகப் பயனரிடமே விட்டிருக்கிறது.

மியூடெக்ஸ் நிரலைத் தொடும்போது இன்னும் கவனம் தேவை. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டே இருந்த நிகழ்வு நம் துறையில் நன்கு அறியப்பட்டது. தாழ்ந்த முன்னுரிமை கொண்ட வானிலைத் தரவு டாஸ்க் ஒரு மியூடெக்ஸைப் பிடித்திருந்தது. உயர்ந்த முன்னுரிமை கொண்ட தரவுப்பாதை டாஸ்க் அதற்காகக் காத்திருந்தது. இடைப்பட்ட முன்னுரிமை கொண்ட வேறு டாஸ்க்குகள் புகுந்து வானிலை டாஸ்க்கை ஓடவிடாமல் செய்தன. அங்கே இருந்தது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வணிக இயங்குதளம். மியூடெக்ஸைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, காத்திருக்கும் டாஸ்க்கின் உயர்ந்த முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் தரும் முன்னுரிமை மரபுரிமை என்னும் வசதி அதில் ஏற்கெனவே இருந்தது. அந்த மியூடெக்ஸுக்கு மட்டும் இயக்கப்படாமல் இருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கியதும் சிக்கல் தீர்ந்தது. மியூடெக்ஸையும் செமஃபோரையும் ஒரே நிரலாக இணைக்கும் ஆசை வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். செமஃபோருக்கு உரிமையாளர் இல்லை. உரிமையாளர் இல்லாத ஒன்றில் முன்னுரிமையை யாருக்குக் கடன் கொடுப்பது?

ஹார்டுவேர் சார்ந்த பகுதியை எப்படிப் பிரித்து வைக்க வேண்டும்?

கெர்னலின் பொதுப் பகுதி ஒரு புதிய செயலியிடம் கேட்பது மிகச் சிலவே: இன்டரப்ட்டுகளை மூடித் திறப்பது, டாஸ்க்குக்கு முதல் ஸ்டாக்கை அமைப்பது, டாஸ்க் மாற்றுவது, சீரான இடைவெளியில் வரும் கடிகார டிக்கைத் தருவது. ஃப்ரீஆர்டிஓஎஸ் கெர்னலின் மையம் டாஸ்க், க்யூ, லிஸ்ட் என்ற மூன்று சி கோப்புகளில் அடங்கிவிடுவதும், மற்றவை போர்ட் அடுக்கில் ஒதுங்கியிருப்பதும் அது இத்தனை செயலிகளுக்குப் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். பொதுக் கோப்புக்குள் ஒரு சிப்பின் பெயரைச் சொல்லும் நிபந்தனை வரி நுழைந்தால், அந்த எல்லை உடையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வரியை அப்படியே போர்ட் அடுக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

கம்பைலர் பதிப்பை உயர்த்தினால் ஏன் பயப்பட வேண்டும்?

பழைய கம்பைலர் செய்யாமல் விட்டதை நம்பி எழுதப்பட்ட நிரல் எந்தப் பழைய கெர்னலிலும் இருக்கும். ஹேண்ட்லர் மாற்றும் மாறிக்கு, ஒவ்வொரு முறையும் நினைவகத்திலிருந்தே படிக்கச் சொல்லும் 'வாலடைல்' குறி விடுபட்டிருக்கலாம். நினைவகத்தைத் தொடும் வரிசை மாறாமல் காக்கும் நினைவகத் தடை வைக்க வேண்டிய இடத்தில், 'வேறு கோப்பிலுள்ள ஃபங்ஷனை அழைப்பதால் கம்பைலர் வரிசையை மாற்றாது' என்ற ஊகம் இருக்கலாம். எல்லாக் கோப்புகளையும் சேர்த்தே உகப்பாக்கும் இணைப்பு நேர உகப்பாக்கத்தை இயக்கியவுடன் கோப்புகளின் எல்லை மறைந்து, அந்த ஊகமும் பொய்த்துவிடும். ஸ்டாக்கின் ஆழமும் மாறும்: சிறிய ஃபங்ஷன்கள் உள்ளிழுக்கப்படும்போது ஒரே சட்டகம் பெரிதாகி, நேற்று 512 பைட்டில் அடங்கிய டாஸ்க் இன்று அதைத் தாண்டக்கூடும். கம்பைலரை உயர்த்துவதைத் தனியொரு மாற்றமாக, வேறு எதையும் சேர்க்காமல், முழு அளவீட்டோடு செய்யுங்கள்.

பயனர்கள் பயன்படுத்தும் ஏபிஐயை மாற்றலாமா?

மாற்றாமல் இருக்க முடிந்தால் மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பழைய நிரல் தவறாக ஓடுவதைவிடக் கம்பைல் ஆகாமல் நிற்பதே மேல் என்ற கொள்கையைப் பின்பற்றுங்கள். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஸெஃபிரின் காத்திருப்பு நேரம். முன்பு அது மில்லிவினாடியைக் குறிக்கும் வெறும் முழு எண்ணாக இருந்தது. 2020இல் வந்த 2.3 பதிப்பில் அது உள்ளடக்கம் மறைக்கப்பட்ட தனி வகையாக ஆனது. வெறும் எண்ணை எழுதிய பழைய நிரல் கம்பைல் ஆகாமல் நின்றது; உடனே மாற முடியாதவர்களுக்காகப் பழைய முறையைத் தொடர ஒரு கட்டமைப்பு விருப்பமும் சில காலம் தரப்பட்டது. எண் அப்படியே இருந்து அதன் அலகு மட்டும் மில்லிவினாடியிலிருந்து டிக்காக மாறியிருந்தால், எல்லா நிரலும் அமைதியாகக் கம்பைல் ஆகி, களத்தில் போய்த் தவறியிருக்கும்.

சிறிய மாற்றங்களுக்கு இவ்வளவு தேவையில்லை. பழைய பெயரை மேக்ரோவாக விட்டுவைத்து, அது கைவிடப்படும் என்று அறிவித்து, குறைந்தது இரண்டு வெளியீடுகள் பொறுத்திருந்து நீக்கினால் போதும்.

டிக் எண்ணியின் நிரம்பல் பற்றி ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

32 பிட் எண்ணி மில்லிவினாடிக்கு ஒன்று ஏறினால், ஏறத்தாழ 49.7 நாள்களில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். எந்தச் சோதனைக்கூடமும் ஒவ்வொரு காம்மிட்டுக்கும் ஐம்பது நாள் காத்திருக்காது. ஆனால் களத்தில் நிறுவப்பட்ட கருவி மாதக்கணக்கில் ஓடும். இரண்டு நேரங்களை நேரடியாக 'பெரியதா சிறியதா' என்று ஒப்பிடும் வரி, அந்தத் தருணத்தில் தவறாக விடை சொல்லும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, கழித்த மதிப்பைக் குறியுள்ள எண்ணாகப் பார்ப்பதே சரியான முறை. ஃப்ரீஆர்டிஓஎஸ் வேறு வழியைக் கையாள்கிறது: இந்தச் சுற்றில் விழிக்க வேண்டியவர்களுக்கு ஒரு பட்டியல், நிரம்பலுக்குப் பின் விழிக்க வேண்டியவர்களுக்கு இன்னொன்று; எண்ணி திரும்பும் கணத்தில் இரண்டும் இடம் மாற்றிக்கொள்கின்றன.

சோதிப்பதற்கும் எளிய வழி இருக்கிறது. எண்ணியைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல், நிரம்பலுக்குச் சற்று முன்னிருந்து தொடங்குங்கள். லினக்ஸ் கெர்னல் தன் ஜிஃபீஸ் என்ற டிக் எண்ணி தொடங்கி ஐந்து நிமிடத்தில் நிரம்பும்படி ஆரம்ப மதிப்பை வைத்திருப்பது இதற்காகத்தான். ஒரே வரியில் இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எமுலேட்டரில் சோதித்தால் போதாதா?

தர்க்கப் பிழைகளுக்கு, சிப்பை மென்பொருளாலேயே போலச் செய்யும் எமுலேட்டர் மிக நல்லது. க்யூஇஎம்யு என்ற எமுலேட்டரில் ஒவ்வொரு காம்மிட்டுக்கும் நூற்றுக்கணக்கான சோதனைகளை ஓட்டலாம். ஸெஃபிரில் உள்ளதுபோல் கெர்னலையே கணினியின் சாதாரண நிரலாகக் கம்பைல் செய்து, நினைவகப் பிழை கண்டறியும் கருவிகளுக்குக் கீழே ஓட்டலாம். ஆனால் அவை நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஃபிளாஷின் காத்திருப்பு, கேஷ், தரவுப்பாதைப் போட்டி எதுவும் அங்கே உண்மையாக இல்லை. எனவே, உண்மையான பலகைகள் சிலவற்றைத் தானியங்கிச் சோதனையோடு இணைத்து, நேர அளவீடுகளைத் தினமும் பதிவு செய்யுங்கள். ஆதரிக்கும் எல்லாப் பலகையும் வேண்டியதில்லை. ஒவ்வொரு செயலிக் குடும்பத்துக்கும் ஒன்று, அதிலும் மிக மெதுவானது, போதும்.

பெரிய மறுசீரமைப்பை ஒரே பேட்ச்சாகத் தரலாமா?

கூடாது. ஒரு காம்மிட் நிரலை இடம் மாற்றலாம், அல்லது அதன் நடத்தையை மாற்றலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது. ஒவ்வொரு காம்மிட்டும் தனியே கம்பைல் ஆகிச் சோதனையில் தேற வேண்டும். அப்போதுதான் பிழை புகுந்த இடத்தை இருகூறாக்கித் தேடிக் கண்டுபிடிக்க முடியும்.

பொறுமைக்கு லினக்ஸை நிகழ்நேர இயங்குதளமாக்கும் பேட்ச்சைவிட நல்ல சான்று இல்லை. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டின் நடுப்பகுதியில் இங்கோ மோல்நார், தாமஸ் க்ளெய்க்ஸ்னர் முதலியோர் தொடங்கிய அந்த வேலை, 2024 செப்டம்பரில்தான் 6.12 பதிப்புக்காக முதன்மைக் கெர்னலில் முழுமையாகச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் அது துண்டு துண்டாக உள்ளே போனது: உயர்துல்லிய டைமர்கள், முன்னுரிமை மரபுரிமை கொண்ட ஃப்யூடெக்ஸ் என்ற பூட்டு, த்ரெட்டாக ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லர்கள் என்று ஒவ்வொன்றும் நிகழ்நேரம் தேவைப்படாதவர்களுக்கும் பயன்பட்டதால் ஏற்கப்பட்டது. கடைசித் தடைகளில் ஒன்றாக நின்றது, செய்தி அச்சிடும் பிரிண்ட்கே என்ற சாதாரணமாகத் தோன்றும் பகுதி. எங்கிருந்தும் எந்நேரத்திலும் அழைக்கப்படக்கூடிய ஒன்றைக் காலவரம்புக்குள் கொண்டுவருவது அவ்வளவு கடினம்.

பழைய பதிப்புகளை எவ்வளவு காலம் தாங்க வேண்டும்?

நிகழ்நேர இயங்குதளம் ஓடும் கருவிகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் களத்தில் இருக்கும். எல்லாப் பதிப்பையும் தாங்குவது எந்தக் குழுவாலும் ஆகாது. அதனால்தான் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் வந்தன. ஸெஃபிரில் 2019இன் 1.14, 2021இன் 2.7, 2024இன் 3.7 ஆகியவை அத்தகையவை. இப்பதிப்புகளுக்குள் மறுசீரமைப்பு எதுவும் போகக் கூடாது. பிழைத்திருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் மட்டுமே போக வேண்டும். இதில் ஓர் இழுபறி உண்டு. முதன்மைக் கிளையை எவ்வளவு தூரம் மறுசீரமைக்கிறீர்களோ, அவ்வளவு தூரம் திருத்தங்களைப் பின்னோக்கிக் கொண்டுபோவது கடினமாகும். அழகுக்காகப் பெயர் மாற்றும் பேட்ச்சுகளை நான் தயக்கத்தோடு பார்ப்பது இதனாலேயே.

பாதுகாப்புக் குறைபாடு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

2021 ஏப்ரலில் பேட்அலாக் என்ற பெயரில் வெளிவந்த குறைபாடுகள் பல நிகழ்நேர இயங்குதளங்களையும் சி நூலகங்களையும் ஒருசேரப் பாதித்தன. நினைவகம் ஒதுக்கும் ஃபங்ஷன், கேட்கப்பட்ட அளவோடு தலைப்புப் பகுதியின் அளவைக் கூட்டும்போது எண் நிரம்பி, மிகச் சிறிய துண்டைத் தந்துவிடும் என்பதே அதன் சாரம். கூட்டுவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு போதும். ஒரே பிழை இத்தனை திட்டங்களில் தனித்தனியே இருந்திருக்கிறது; அதனால் உங்கள் நிரலில் அது இல்லை என்று ஊகிக்காதீர்கள், தேடிப் பாருங்கள்.

குறைபாட்டைத் தனியாகத் தெரிவிக்க ஒரு முகவரி, பதிலளிக்கும் கால எல்லை, ஆதரவிலுள்ள கிளைகளின் பட்டியல் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து பொருந்தும். அங்கே கருவி விற்பவர்கள், அதிலுள்ள திறமூலக் கூறுகளைப் பற்றியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கேள்விகள் உங்களிடம் வந்து சேரும்.

உரிமத்தை மாற்றுவதும் பராமரிப்பில் சேருமா?

சேரும். ஃப்ரீஆர்டிஓஎஸ் 2017இல் 10ஆம் பதிப்போடு, திருத்தப்பட்ட ஜிபிஎல் உரிமத்திலிருந்து, கட்டுப்பாடுகள் குறைந்த எம்ஐடி உரிமத்துக்கு மாறியது. கிரெகரி நட் 2007இல் வெளியிட்ட நட்எக்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம், 2019இன் இறுதியில் அப்பாச்சி என்ற திறமூல அறக்கட்டளையின், புதிய திட்டங்களை வளர்த்தெடுக்கும் அடைகாப்பில் சேர்ந்து, 2022இல் முழுத் திட்டமானது. அப்பாச்சி உரிமத்துக்கு மாறுவதற்காக ஒவ்வொரு கோப்பின் பழைய பங்களிப்பாளர்களையும் தேடி இசைவு பெற வேண்டியிருந்தது. யார் எந்த உரிமத்தில் தந்தார் என்பதை முதல் நாளிலிருந்தே கோப்பின் தலையில் பதிவு செய்திருந்தால் அந்த வேலை பெருமளவு குறையும்.

ஒரே ஒருவர் தாங்கி நிற்கும் கெர்னல் என்ன ஆகும்?

அவர் களைத்துப்போகும் நாளில் அதுவும் நிற்கும். அவர் தலைக்குள் இருக்கும் காரணங்களை நிரலுக்கு அருகில் எழுத்தில் கொண்டுவருவதே முதல் மருந்து. நட்எக்ஸில் எக்காலத்திலும் மீறக்கூடாத கொள்கைகள் தனிக் கோப்பாகவே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. போசிக்ஸ் என்ற இயங்குதள இடைமுகத் தரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றுவது அவற்றுள் ஒன்று. நிறுவியவர் விலகி நின்ற பிறகும், புதியவர்கள் ஒரு பேட்ச்சை ஏற்கவும் மறுக்கவும் அது அடிப்படையாக இருக்கிறது.

எந்த நிரலைத் தொடாமல் விட வேண்டும்?

சோதிக்க வழியில்லாத நிரலை. யாரிடமும் பலகை இல்லாத ஒரு பழைய செயலிக்கான டாஸ்க் மாற்றும் அசெம்பிளி, பார்க்க எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், ஒரு காலத்தில் உண்மையான ஹார்டுவேரில் ஓடி நிரூபிக்கப்பட்டது. அதை மற்ற போர்ட்களின் சாயலுக்குக் கொண்டுவருவதற்காகத் திருத்தினால், நிரூபிக்கப்பட்ட ஒன்றை நிரூபிக்கப்படாத ஒன்றாக ஆக்குகிறீர்கள். பொதுப் பகுதியின் மாற்றம் அதைக் கட்டாயம் தொட வேண்டிய நிலை வந்தால், அந்தப் போர்ட்டுக்குப் பராமரிப்பாளர் இல்லை என்று வெளிப்படையாக அறிவியுங்கள். பலகை வைத்திருப்பவர் எவராவது முன்வருகிறாரா என்று இரண்டு வெளியீடுகள் காத்திருங்கள். எவரும் வராவிட்டால், கடைசியாக அது ஓடிய பதிப்பின் எண்ணை ஆவணத்தில் குறித்துவிட்டு, முதன்மைக் கிளையிலிருந்து நீக்கிவிடுங்கள். அந்தச் செயலியை இன்னும் பயன்படுத்துபவர் அந்தப் பதிப்பை எடுத்துக்கொள்வார்; அது அவரிடம் ஓடும்.